இரு கணினிகளுக்கு ஒரே புகைப்படத் தொகுப்பு

காணிப்பாக்கத்தின் தலவரலாற்றில் மூன்று சகோதரர்கள் வருகின்றனர். ஒருவருக்குப் பார்வை இல்லை. ஒருவருக்குக் காது கேளாது. ஒருவருக்குப் பேச்சு வராது. மூவருக்கும் ஒரே காணி. அதிலிருந்த கிணற்றை ஆழப்படுத்தியபோது வெளிப்பட்டவரே வரசித்தி விநாயகர். ஒரு நிலத்தை மூவர் உழலாம். ஒரு புகைப்படத் தொகுப்பை இரு கணினிகளில் வைத்து ஆள்வது அவ்வளவு எளிதன்று என்பதை அதே ஊரில்தான் கற்றேன்.

காணிப்பாக்கத்து வீட்டில் ஒரு கணினி. பணி நிமித்தம் நான் தங்கியிருந்த திருப்பதியில் மற்றொன்று. தொகுப்பு முழுவதையும் இணையச் சேமிப்புக் கோப்புறை ஒன்றில் வைத்து இரண்டிலும் திறந்தேன். ஒரு ஞாயிறன்று நான் இங்கே புதிய படங்களைச் சேர்க்க, அங்கே அம்மா பழைய திருமணப் படங்களில் இருந்தோரின் பெயர்களைப் பதிந்துகொண்டிருந்தார். இரவில் தொகுப்பு இரு பிரதிகளாக நின்றது. பழையது என்றெண்ணி ஒன்றை அழித்தேன். படங்கள் தப்பின, பெயர்கள் போயின. அம்மா மீண்டும் அமர்ந்தபோது சிலரை அவருக்கே நினைவு வரவில்லை.

காரணம் இதுதான். தொகுப்பில் படங்கள் ஒரு பகுதி. பெயர், ஆல்பம், திருத்தம் ஆகியவற்றைக் குறிக்கும் பதிவேடு மற்றொரு பகுதி. எங்கள் தொழிலில் அதுவே பேரேடு. நீங்கள் எந்தக் கிளையில் பணம் எடுத்தாலும் பதிவு விழுவது ஒரே மையக் கணக்கில்தான். ஒரு பதிவு முடியும்வரை மற்றது காத்திருக்கும். கோப்புறையை ஒத்திசைக்கும் மென்பொருளுக்கு இந்தக் காவல் வேலை தெரியாது. அது கோப்பை நகலெடுக்கும், அவ்வளவே.

ஆகவே, தொகுப்பை ஒரு வெளிவன்தட்டில் வைத்து, ஒரு நேரத்தில் ஒரே கணினியில் திறப்பது பாதுகாப்பானது. மென்பொருளை மூடி, வன்தட்டை முறைப்படி விடுவித்த பிறகே கழற்ற வேண்டும். ஆப்பிள் போட்டோஸ் தொகுப்பாயின் வன்தட்டு ஆப்பிளின் சொந்த வடிவமைப்பில் இருத்தல் வேண்டும்; பிணையத்தில் பகிரப்படும் தட்டில் வைப்பதை அந்நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. லைட்ரூம் கிளாசிக் பிணையத் தட்டிலுள்ள பதிவேட்டைத் திறக்கவே மறுக்கும்.

இருவரும் ஒரே வேளையில் பயன்படுத்தியே ஆகவேண்டுமெனில், இதற்கென அமைந்த ஐகிளவுட் அல்லது கூகுள் போட்டோஸ் சேவையே தக்கது. ஐகிளவுடில் இலவச இடம் 5 ஜிபி. கூகுளில் மின்னஞ்சலையும் சேர்த்து 15 ஜிபி. 2021 ஜூன் 1 முதல் ஏற்றப்படும் படங்கள் அனைத்தும் அந்தக் கணக்கில் சேரும். ஆனால் அங்கும் ஒரு கணினியில் அழித்த படம் மற்றதிலும் மறையும். எனவே தனிப் பிரதி ஒன்று வேறிடத்தில் இருக்கட்டும்.

இப்போது சனிக்கிழமைதோறும் வன்தட்டு என் பையில் காணிப்பாக்கம் செல்கிறது. அம்மா பெயர்களை முதலில் ஒரு நோட்டில் எழுதிவிட்டுத்தான் கணினியின் முன் அமர்கிறார்.