அங்கன்வாடி டீச்சருக்கு ஏன் இந்தக் களைப்பு?

கேள்வி: எங்கள் கிராமத்து அங்கன்வாடி டீச்சர் எப்போதும் சோர்ந்தே இருக்கிறார். பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும் சொல்வதில் அவ்வளவு அலுப்பா?

பதில்: பாட்டும் கதையும் அவர் வேலையில் ஒரு பங்குதான். 1975 அக்டோபர் 2-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் அங்கன்வாடியிடம் ஆறு சேவைகளை ஒப்படைத்தது: துணை உணவு, முன்பருவக் கல்வி, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மேல்சிகிச்சைப் பரிந்துரை, தாய்மாருக்கு ஊட்டச்சத்து விளக்கம்.

பிள்ளைகளின் எடை, உயரம் பார்த்து, சத்துமாவு கொடுத்து, கர்ப்பிணிகளின் வீடுகளுக்கும் போய் வந்தால் செல்போன் காத்திருக்கும். 2021-ல் வந்த போஷன் டிராக்கர் செயலியில் எல்லாம் ஏற வேண்டும். மலைக்கிராமத்தில் டவர் கிடைக்காவிட்டால் அந்த வேலை வீட்டுக்கும் தொடரும். உதவியாளர் பணியிடம் காலியாக இருந்தாலோ, அடுப்படியும் டீச்சர் பொறுப்பு.

சம்பளம்? மத்திய அரசு அதை 'மதிப்பூதியம்' என்கிறது. 2018-ல் 3,000 ரூபாயிலிருந்து 4,500 ஆக உயர்த்தியது. அதற்கு மேல் கொடுப்பது மாநிலங்களின் விருப்பம். குஜராத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், அங்கன்வாடி ஊழியர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

ஊர்க்காரர்களால் ஆவது உண்டு. காலிப் பணியிடம், கழிப்பறை, தண்ணீர் குறித்துக் கிராமசபையில் தீர்மானம் போடலாம். பிள்ளையை நேரத்துக்கு அழைத்துப் போகலாம். மனம் கனத்துப்போகும் நாளில் டீச்சர் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணைக் கட்டணமின்றி அழைத்து, தமிழிலேயே பேசலாம்.