அத்தையின் ஐ.என்.ஆர். நோட்டு

அத்தையின் மாத்திரை டப்பாவோடு ஒரு நோட்டும் இருக்கும். தேதி, ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். எண், அன்றைக்கு டாக்டர் எழுதிய அளவு. ஓரத்தில் ‘பல் வலிக்கு மாத்திரை போட்டது’, ‘கல்யாண வீடு, சரியாச் சாப்பிடலை’ என்று பொடி எழுத்தில் குறிப்புகள். சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் இதயத்தின் மைட்ரல் வால்வைக் கெடுத்துவிட, உலோக வால்வு பொருத்திக்கொண்டவர் அவர். திருவனந்தபுரம் சித்ரா நிறுவனம் உருவாக்கிய உள்நாட்டு வால்வோ, இறக்குமதி வால்வோ, உலோகம் என்றால் அதில் ரத்தம் உறைந்து ஒட்டாமல் இருக்க ஆயுள் முழுக்க மாத்திரை உண்டு. அத்தைக்கு அது அசிட்ரோம். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவரிடம் இந்த மாத்திரையைப் பற்றி எங்கள் வீடு கற்றுக்கொண்டது ஏராளம்.

அசிட்ரோமும் அதன் உடன்பிறப்பான வார்ஃபாரினும் மாட்டுத் தொழுவத்திலிருந்து வந்தவை. 1933 பிப்ரவரியில் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஒரு விவசாயி, செத்துப்போன கிடாரியையும், உறையாத ரத்தம் நிறைந்த பால் கேனையும், மாடு தின்ற கெட்டுப்போன தீவனத்தையும் ஏற்றிக்கொண்டு பனிப்புயலில் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தார். கார்ல் லிங்க் என்ற வேதியியலாளரின் குழு அந்தத் தீவனத்தில் இருந்த பொருளைப் பல ஆண்டுகள் போராடிப் பிரித்தெடுத்தது. அதன் வழியில் பிறந்த வார்ஃபாரின் 1948-இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது. 1954-இல் மனிதர்களுக்கு அனுமதி கிடைத்தது. மறு ஆண்டே மாரடைப்பு கண்ட அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கும் கொடுத்தார்கள்.

எலியின் உடம்பிலும் மனித உடம்பிலும் அது செய்யும் வேலை ஒன்றுதான்: கல்லீரலில் வைட்டமின் கே-யின் வேலையைத் தடுத்து, ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்துவது. அளவில்தான் உயிர் இருக்கிறது. சாதாரண மனிதருக்கு ஐ.என்.ஆர். ஏறக்குறைய 1. மைட்ரல் இடத்தில் உலோக வால்வு உள்ளவருக்குப் பெரும்பாலும் 2.5-க்கும் 3.5-க்கும் நடுவே வைப்பார்கள். இறங்கினால் வால்வு அடைபடலாம், பக்கவாதம் வரலாம். ஏறினால் ரத்தக்கசிவு. அளவை மாற்றினால் முழுப் பலன் தெரியச் சில நாள் ஆகும். ‘நேற்று கூட்டினோமே, இன்று ஏறவில்லையே’ என்று பதறி மறுபடி கூட்டுவது ஆபத்து.

அறுவை சிகிச்சை முடிந்து வந்த புதிதில் உறவுக்காரர்கள் எல்லோரும் சொன்னது, ‘கீரைப் பக்கமே போகாதே!’ டாக்டர் சொன்னது வேறு. கீரை சாப்பிடலாம், ஆனால் வாரா வாரம் ஏறக்குறைய ஒரே அளவில். வைட்டமின் கே திடீரென்று கூடினால் எண் இறங்கும், நின்றுபோனால் ஏறும். லேப் வரிசையில் பழக்கமான ஒரு பெரியவருக்கு வாசல் முருங்கை துளிர்த்த மாதத்தில் எண் மளமளவென்று இறங்கியது. தினமும் கீரைப் பொரியல். விரதத்திலும் இதே சிக்கல் உண்டு, திசைதான் வேறு. சஷ்டிக்கு ஆறு நாள் அரைவயிறாக இருந்தாலோ, வயிற்றுப்போக்கில் சாப்பாடு இறங்காமல் போனாலோ எண் ஏறலாம். விரதம் இருப்பதற்கு முன்பே அத்தை டாக்டரைக் கேட்டுவிடுவார்.

அத்தையிடம் எனக்கு மிகப் பிடித்த பழக்கம், எந்த கிளினிக்கில் உட்கார்ந்தாலும் முதல் வாக்கியமாக அவர் சொல்வது: “வால்வு மாத்தியிருக்கு, அசிட்ரோம் சாப்பிடறேன். இடுப்புல ஊசி போட்டுடாதீங்க டாக்டர்.” காய்ச்சல் என்றாலே ஊசி கேட்டு வாங்கும் ஊர் நம்முடையது. இந்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்குத் தசையில் போடும் ஊசி உள்ளுக்குள்ளே ரத்தம் கட்டிப் பெரிய வீக்கமாகிவிடக்கூடும்.

ஊசியைவிட ஓசையில்லாமல் கெடுப்பவை கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகள். வயிற்றுப்போக்குக்கு மெட்ரோனிடசோல், பூஞ்சைத் தொற்றுக்கு ஃப்ளூகொனசோல் இரண்டும் எண்ணை ஏற்றிவிடும். மூட்டு வலிக்கு விழுங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வயிற்றில் ரத்தக்கசிவுக்கு வழி செய்யும். பாராசிட்டமால் இவற்றைவிடப் பரவாயில்லை; அதுவும் நாள் கணக்கில் தொடர்ந்தால் டாக்டருக்குத் தெரிய வேண்டும். கஷாயம், லேகியம் எதுவானாலும் அப்படியே.

ஒருமுறை மருந்துக் கடைப் பையன், “அசிட்ரோம் ஸ்டாக் இல்லைக்கா, வார்ஃபாரின் தரவா? ரெண்டும் ஒண்ணுதான்” என்றான். ஒன்று அல்ல. ஒரே குடும்பம்தான் என்றாலும் இதில் 2 மில்லிகிராம் அதில் 2 மில்லிகிராமுக்குச் சமம் ஆகாது. அசிட்ரோமிலேயே 1, 2, 3, 4 மில்லிகிராம் என்று பல உண்டு. பட்டையைத் திருப்பி எண்ணைப் படிக்காமல் அத்தை காசு கொடுப்பதில்லை.

தினம் மாலை ஒரே நேரத்தில் மாத்திரை. மறந்தது அன்றைக்கே நினைவு வந்தால் போட்டுக்கொள்வார். மறுநாள் வந்தால் இரட்டையாகப் போடமாட்டார், நோட்டில் எழுதிவைப்பார். பல் பிடுங்கப் போனால்கூட இதய டாக்டரைக் கேட்காமல் நிறுத்தியதில்லை. கருத்தரிக்க நினைக்கும் பெண்கள் கர்ப்பத்துக்கு முன்பே டாக்டரிடம் பேச வேண்டும். இம்மருந்து சிசுவைப் பாதிக்கக்கூடியது.

அடிக்கடி ஐ.என்.ஆர். பரிசோதனை தேவைப்படாத புது மாத்திரைகள் வந்துவிட்டனவே என்று சிலர் கேட்பார்கள். உலோக வால்வுக்காரர்களுக்கு அவை இல்லை. அவற்றில் ஒன்றான டாபிகாட்ரானை வார்ஃபாரினோடு ஒப்பிட்ட ஆய்வில் ரத்தக்கட்டும் ரத்தக்கசிவும் கூடுதலாகவே வந்ததால் ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். முடிவுகள் 2013-இல் வெளியாயின.

கறுப்பாக மலம் போனாலோ, சிறுநீர் சிவந்தாலோ, ஈறில் ரத்தம் நிற்காவிட்டாலோ காத்திருக்க வேண்டாம். தலையில் அடிபட்டால், வெளியே காயமே தெரியாவிட்டாலும், மருத்துவமனைக்கு உடனே போங்கள், நோட்டையும் எடுத்துக்கொண்டு.