ஒல்லிப் பிள்ளைக்கு ஏன் தொப்பை?

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயது. பிறந்தபோது இரண்டரைக் கிலோதான் இருந்தான். "பிள்ளைக்குச் சதையே பிடிக்கலையே" என்று மாமியார் தினமும் வருத்தப்படுவார். அதனால் காலையும் மாலையும் ஊட்டச்சத்துப் பவுடரும் சர்க்கரையும் போட்டுப் பால், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பிஸ்கட், ராத்திரிக்கு ஊட்டிவிடும் சோறு என்று கொடுத்து வருகிறோம். ஒரு வருஷமாக எடை ஏறுகிறது. ஆனால் கை கால் ஒல்லியாகவே இருக்க, வயிறு மட்டும் முன்னால் தள்ளுகிறது. என் கணவருக்கு 34 வயதிலேயே சர்க்கரை நோய் வந்துவிட்டது. இவனை எப்படிப் பார்த்துக்கொள்வது?
- வாசகி, விருதுநகர்

பதில்: அந்தப் பவுடரையும் சர்க்கரையையும் இந்த வாரமே குறைக்கத் தொடங்குங்கள்.

1969 முதல் 1972 வரை டெல்லியில் பிறந்த குழந்தைகளை ஏறத்தாழ முப்பது வயது வரை தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2004இல் வெளியானது. இளம் வயதிலேயே சர்க்கரை நோயோ அதற்கு முந்தைய நிலையோ வந்தவர்கள், கொழுகொழுவென்று வளர்ந்த பிள்ளைகள் அல்ல. பெரும்பாலும் இரண்டு வயதுவரை மெலிந்திருந்து, அதன்பிறகு சீக்கிரமாகவே சதை போடத் தொடங்கியவர்கள். பன்னிரண்டு வயதில்கூட அவர்களில் ஒருவரும் உடல்பருமன் கணக்கில் வரவில்லை. பார்த்தவர்கள் "இப்பத்தான் பிள்ளை தேறியிருக்கு" என்றுதான் சொல்லியிருப்பார்கள். உங்கள் மகன் இப்போது நிற்பது அந்தப் பாதையின் தொடக்கத்தில் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கை கால் ஒல்லி, வயிறு மட்டும் பெரிது என்பதற்கும் காரணம் உண்டு. புனேயில் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழுவினர் பச்சிளம் குழந்தைகளை அளந்து பார்த்தார்கள். நம் குழந்தைகள் ஆங்கிலேயக் குழந்தைகளைவிட எடை குறைந்து பிறந்தாலும், குறைவது பெரும்பாலும் தசைதான். கொழுப்பு அந்த அளவுக்குக் குறைவதில்லை. அப்படிப் பிறந்த உடம்புக்குச் சர்க்கரையும் மாவுமாகக் கொடுத்தால் அது வயிற்றில்தான் போய்ச் சேரும்.

மாமியாரிடம் ஒன்று சொல்லுங்கள். ஐந்து, ஆறு வயதில் பிள்ளைகள் மெலிந்து தெரிவது இயல்பு. அந்த வயதில் உயரம் கூடுகிறதா என்று பார்க்க வேண்டுமே தவிர, கன்னத்தில் சதை இருக்கிறதா என்று பார்க்கக் கூடாது.

இப்போது அந்தப் பால் டம்ளருக்கு வருவோம். டப்பாவின் பின்பக்கம் "சேர்க்கப்பட்ட சர்க்கரை" எவ்வளவு என்று படியுங்கள். பல பவுடர்களில் மூன்றில் ஒரு பங்கு சர்க்கரைதான். அதற்கு மேல் டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் வீதம் போடும் சர்க்கரையையும் கூட்டினால், இரண்டு வேளைப் பாலிலேயே 25 கிராமைத் தாண்டிவிடும். ஒரு குழந்தை நாள் முழுவதற்குமே அந்த அளவைத் தாண்டக் கூடாது. பிஸ்கட்டை இன்னும் நாம் சேர்க்கவே இல்லை. இந்தப் பவுடர்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பிரிவில் விற்கக் கூடாது என்று 2024 ஏப்ரலில் மத்திய அரசே இணைய விற்பனை நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. நாட்டுச் சர்க்கரைக்கும் கருப்பட்டிக்கும் மாறினால் சரியாகிவிடாது; உடம்புக்கு எல்லாம் ஒரே கணக்குதான்.

பால் நல்லது, நிறுத்த வேண்டாம். வாரம் அரை ஸ்பூன் வீதம் சர்க்கரையைக் குறைத்தால் நாக்கு பழகிவிடும். மாலையில் பிஸ்கட்டுக்குப் பதிலாகச் சுண்டல், அவித்த வேர்க்கடலை, முட்டை, ஒரு கொய்யா கொடுங்கள். சோற்றைக் குறைத்துப் பருப்பு, பொரியல், மீனைக் கூட்டுங்கள். பட்டினி போடுவதோ "குண்டா" என்று கூப்பிடுவதோ கூடவே கூடாது. ஊட்டுவதை நிறுத்திவிட்டு அவன் கையாலேயே சாப்பிட விடுங்கள். வயிறு நிறைந்தால் அவனே சொல்வான். தினம் ஒரு மணி நேரமாவது தெருவில் ஓடி விளையாடட்டும், தசை அங்கேதான் வளரும்.

வீட்டிலேயே டேப் வைத்து இடுப்பை அளந்து பாருங்கள். உயரத்தில் பாதிக்கு மேல் இருந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். பின்கழுத்தையும் பாருங்கள். அங்கே தோல் கறுத்துத் தடித்து, அழுக்கு என்று நினைத்துத் தேய்த்தும் போகாமல் இருந்தால், இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். அப்போது தள்ளிப்போடாமல் போய், ரத்தச் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். அப்பாவுக்கு 34 வயதில் சர்க்கரை வந்ததை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.