தீப்புண் ஆற வேண்டுமா? பத்தியத்தை விடுங்கள்



பெரிய தீக்காயம் பட்டவர் ஆசுபத்திரியிலிருந்து வீடு திரும்பியதும் அவருக்கு என்ன சாப்பாடு கொடுப்பது? இதில்தான் நம் வீடுகளில் பெரிய தப்பு நடக்கிறது.

சில வருஷங்களுக்கு முன், நான் வேலை பார்த்த தோட்டத்தில் பால்மரம் வெட்டும் பெண் ஒருவர் குப்பைக்குப் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தினார். இரண்டு கையும் நெஞ்சும் வெந்துவிட்டன. பெரிய ஆசுபத்திரியில் தோல் ஒட்டி அனுப்பினார்கள். வீட்டில் மாமியார் பத்தியம் வைத்தார். காலையில் கஞ்சி, மத்தியானம் ரசஞ்சோறு, அவ்வளவுதான். "டிரெஸர் ஐயா, முட்டை, மீனு கொடுத்தா புண்ணு சீழ் பிடிக்குமே" என்றார். காயத்துக்கு முன் 52 கிலோ இருந்த மருமகள் 44 கிலோவுக்கு இறங்கிவிட்டார். ஒட்டிய தோலும் ஓரத்தில் பிய்ந்தது.

மாமியார் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ராத்திரி பகலாகக் கண் விழித்துப் பார்த்தவரே அவர்தான். ஆனால் சீழ் பிடிப்பது கிருமியால், முட்டையால் அல்ல.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

தோல் நம் உடம்புக்குக் கூரை மாதிரி. அது வெந்து போனால் ஈரமும் சூடும் வெளியேறும். உடம்பு விடாமல் அடுப்பெரிப்பது போல் சக்தியைச் செலவழிக்கும். உடம்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வெந்தவர் சும்மா படுத்திருந்தாலும், செலவு வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு ஆகலாம். மிகக் கடுமையான காயத்தில் இரண்டு மடங்கை நெருங்கும். சாப்பாடு போதாவிட்டால் உடம்பு தன் சதையையே கரைத்துக்கொள்ளும். புண் மூடிய பிறகும் இது பல மாதம் நீடிக்கும். அதனால்தான் ஆசுபத்திரியில் முதல் நாளே மூக்கில் குழாய் விட்டுச் சத்துணவு கொடுக்கத் தொடங்குகிறார்கள்.

எவ்வளவு கொடுப்பது?

புதுத் தோலும் சதையும் வளரப் புரதச் சத்து வேண்டும். சாதாரணமாக 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளைக்குச் சுமார் 50 கிராம் போதும். பெரிய தீக்காயம் பட்டால் 90 முதல் 120 கிராம் வரை தேவை. இப்படிக் கணக்குப் போடலாம்:

4 முட்டை: 24 கிராம்.
3 கிளாஸ் பால்: 24 கிராம்.
சமைத்த மீன் 100 கிராம், கோழி 100 கிராம்: இரண்டும் சேர்த்துச் சுமார் 45 கிராம்.
கெட்டிப் பருப்பு ஒரு கிண்ணம்: சுமார் 10 கிராம்.

மொத்தம் நூறைத் தாண்டிவிட்டது. இதோடு சோறு, தோசை, கீரை, கொய்யாப்பழமும் வேண்டும். மரக்கறி சாப்பிடுபவர்கள் தெம்பே, தௌபூ, கடலை, தயிர் சேர்த்துக்கொள்ளலாம்.

கவனிக்க வேண்டியவை

1. ஒரே வேளையில் திணிக்காதீர்கள். நாளைக்கு ஆறு தடவை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். கை வெந்தவருக்கு ஊட்டிவிடுங்கள்.

2. டின் பாலில் சீனிதான் அதிகம். அதைக் கலக்கிக் கொடுத்துவிட்டுப் பால் கொடுத்தாச்சு என்று நினைக்காதீர்கள்.

3. சாப்பாட்டுக்கு முன் தேத்தண்ணீர் கொடுத்து வயிற்றை நிரப்பாதீர்கள்.

4. இனிப்பு நீர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டே அளவை வைத்துக்கொள்ள வேண்டும். குழந்தைகளுக்கும் கணக்கு வேறு.

5. டாக்டர் சொன்னபடி நடக்க வையுங்கள். சும்மா படுத்திருந்தால் தின்றது சதையாகாது.

6. வாரம் ஒரு தடவை கிளினிக்கில் எடை பாருங்கள். பழைய எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே ஆபத்து. உடனே சொல்லுங்கள்.

அந்தப் பெண்ணின் கதைக்கு வருவோம். எடை மிஷினில் ஏற்றி 44 என்று காட்டிய பிறகுதான் மாமியார் நம்பினார். மறுநாளே முட்டை அவித்தார். மீன் குழம்பும் வைத்தார். மூன்று மாதத்தில் எடை 49 ஆனது. பிய்ந்த இடமும் மூடியது.

உங்கள் லயத்தில் தீக்காயம் பட்டவர் யாராவது இருந்தால், பார்க்கப் போகும்போது பிஸ்கட் டின் வேண்டாம். பத்து முட்டை வாங்கிக்கொண்டு போங்கள்.