மைக்ரோவேவ் அடுப்பும் அளவின் ஆட்சியும்

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சாம் என்பது நம் நாட்டுப் பழமொழி. இதன் உண்மையை இரசாயனசாலையில் நாம் நாள்தோறும் காண்கின்றோம். ஆண்டு வெப்பம் இன்றியமையாதது. ஆயின் வேண்டிய அளவிற்கு மேற்படின் பொருளும் கெடும், கலமும் உடையும். சமையலறைக்கென அமைந்த மைக்ரோவேவ் அடுப்பை ஆராய்ச்சிக்குரிய கருவியாக மாற்றுதல் கூடுமோ, கூடுமாயின் அதன் ஆற்றலைக் கணிப்பொறி வாயிலாக அளவறிந்து ஆளுதல் எங்ஙனம், அதனால் விளையும் இடர் யாது என்பனவற்றை ஈண்டுச் சுருங்க ஆராய்வோம்.

1. வரலாறு

இவ்வடுப்பின் உயிர்நிலை மாக்னெட்ரான் என்னும் குழலாகும். 1940-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே பர்மிங்ஹாம் சர்வகலாசாலையில் ராண்டல், பூட் என்னும் அறிஞர் இருவர் அமைத்த மாக்னெட்ரானே ராடார்க் கருவிக்குப் பெருவலி தந்தது. 1945-இல் அமெரிக்காவிலுள்ள ரேதியான் கம்பெனியாரிடம் பணியாற்றிய பெர்ஸி ஸ்பென்ஸர் என்பார், அக்குழலின் அலைகளால் உணவைச் சமைக்கும் முறைக்கு உரிமைப்பத்திரம் வேண்டி விண்ணப்பித்தார். 1986-இல் கானடாவிலும் அமெரிக்காவிலும் இரண்டு குழுவினர் வீட்டு அடுப்பையே கொண்டு இரசாயனச் சேர்க்கைகள் பலவற்றை மிக விரைவில் முடித்துக் காட்டினர். மணிக்கணக்கில் நிகழ்வன நிமிஷக்கணக்கில் நிகழ்ந்தன. எனினும், வெப்பத்தை அளக்கவும் அடக்கவும் வகையின்மையால், அத்தகைய சோதனைகளில் ஒருவர் கண்ட முடிவைப் பிறர் மீண்டும் காண்டல் அரிதாயிற்று. மூடிய கலங்கள் வெடித்தலும் உண்டாயிற்று.

2. அரை என்பது அரையன்று

அடுப்பின் முகப்பில் “பாதி வலி” என்னும் நிலையில் வைத்தால், அலைகளின் வலிமை பாதியாகும் என்றே பலரும் எண்ணுவர். சாதாரண அடுப்பில் நிகழ்வது அஃதன்று. மாக்னெட்ரான் சில விநாடி முழுவலியோடு இயங்கும். பின்னர்ச் சில விநாடி முற்றும் ஓய்ந்திருக்கும். சராசரியே பாதி, கணந்தோறும் நோக்கின் முழுமையும் இன்மையுமே உள்ளன. இன்வர்ட்டர் என்னும் அமைப்புடைய அடுப்புக்கள் மாத்திரமே இதற்கு விலக்காவன.

குழம்பைச் சூடாக்குவார்க்கு இதனால் குறைவொன்றுமில்லை. சோதனை செய்வார்க்கோ பெருங்குறையாம். ஒரு கலத்திலுள்ள 20 கிராம் நீர் 300 வாட் ஆற்றலை ஏற்பதாகக் கொள்வோம். அடுப்புத் தொடர்ந்து 10 விநாடி இயங்கினால் நீர் ஏற்கும் ஆற்றல் 3000 ஜூல். வெப்பநிலை ஏறத்தாழ 36 பாகை உயரும். இங்ஙனம் துள்ளியெழும் வெப்பத்தில், நுட்பமான பொருள் எதுவும் தன்னிலையில் நில்லாது.

3. மாற்றும் முறை

அடுப்பினுள் உள்ள மின்மாற்றி இருவேறு பணிகளைச் செய்கின்றது. மாக்னெட்ரானின் இழையைச் சுமார் 3 வோல்ட் மின்சாரத்தால் சூடாக்குவது ஒன்று. சுமார் 2000 வோல்ட் உயர்வலியை உண்டாக்குவது மற்றொன்று. அவ்வுயர்வலியை மின்தேக்கியும் டையோடும் சேர்ந்து ஏறத்தாழ இரட்டிப்பாக்கிக் குழலுக்கு ஊட்டுகின்றன. இரு பணியும் ஒரே மாற்றியைச் சார்ந்திருத்தலால், மின்சாரம் நிற்குந்தோறும் இழை ஆறிவிடுகின்றது. மீண்டும் சூடேற இரண்டொரு விநாடி கழிகின்றது. ஆதலின் முதற்கண் செய்யத்தக்கது, இழைக்கென உயர்வலியைத் தாங்கும் காப்புடைய தனி மின்மாற்றி அமைத்து, அதனை எப்பொழுதும் சூடாக வைத்தலேயாம்.

இரண்டாவது, உயர்வலி மாற்றிக்குச் செல்லும் மின்சாரத்தை ட்ரையாக் என்னும் மின்னணு வாயில் வழியே விடுதல். நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று உடையது. கணிப்பொறியானது நூறு சுற்றுக்களில் 37-ஐ மாத்திரம் பரவலாக விடுமாயின், நூற்றுக்கு ஏறத்தாழ 37 பங்கு வலி கிடைக்கும். முற்கூறிய நீருக்கு ஒரு சுற்றில் செல்வது 6 ஜூல் அளவே. உயரும் வெப்பம் ஒரு பாகையில் பத்திலொரு பங்கும் ஆகாது. துள்ளல் அடங்கி ஓட்டம் சீர்ப்படும்.

இங்கே இரண்டு நுட்பங்களைக் கருதல் வேண்டும். சுற்றுக்களை முழுமையாகவே விடுதல் வேண்டும். அரைச்சுற்றாக விடின் மாற்றி ஒருபால் காந்தமேறிக் காய்ந்துபோம். வாயிலைத் திறப்பதும் மின்னழுத்தம் சுழியாக உள்ளபொழுதன்றி, உச்சத்தை அடையும்பொழுதே தக்கது. இல்லையேல் பெருமின்சாரம் பாய்ந்து உருகியை எரித்துவிடும்.

மூன்றாவது, கணிப்பொறிக்குக் கண் வேண்டும். உலோகக் கம்பியாலாய வெப்பமானி அலைகளால் தானே மயங்கும். ஆதலின் அகச்சிவப்புக் கதிராலோ கண்ணாடி இழையாலோ வெப்பத்தை அளந்து, விரும்பிய நிலைக்கும் உள்ள நிலைக்கும் உரிய வேறுபாட்டிற்கேற்பச் சுற்றுக்களைக் கூட்டியும் குறைத்தும் விடுதல் முறையாம். சோதிக்கும் பொருள் மிகச் சிறிதாயின் அருகே ஒரு குவளை நீரும் வைத்தல் நலம். அன்றேல் ஏற்பாரற்ற அலைகள் திரும்பிச் சென்று மாக்னெட்ரானையே கெடுக்கும்.

4. எச்சரிக்கை

இதுவரை கூறியன அறிதற்பொருட்டே. கற்றுத் தேர்ந்தார் துணையின்றிச் செய்தற்பொருட்டன்று. இம்மின்மாற்றியின் உயர்வலி, தீண்டினாரைத் திரும்பவிடாத தன்மையது. இதனைக் கழற்றி மரப்பலகையில் மின்கோலம் எரிக்க முயன்று அமெரிக்காவில் உயிரிழந்தார் பலர். அடுப்பை மின்சாரத்தினின்று பிரித்த பின்னரும் மின்தேக்கியில் மின்சாரம் தங்கியிருக்கும். கதவின் காவற்பொறிகளை எக்காரணம்பற்றியும் செயலறச் செய்தலாகாது. வெப்பமானிக்கென ஓட்டை இடுவார், நீண்டு ஒடுங்கிய உலோகக் குழலை அதிற் பொருத்தி, அலைக்கசிவை அளந்த பின்னரே பயன்படுத்துதல் வேண்டும்.

5. மாணாக்கர் செய்யத்தக்க சோதனை

அடுப்பைத் திறவாமலே இப்பொருளை ஆராயவும் வழியுண்டு. 10 பாகை வெப்பமுள்ள 1000 கிராம் நீரைக் கண்ணாடிக் கலத்தில் வைத்து, முழுவலியில் 60 விநாடி இயக்கி, வெளியே எடுத்துக் கலக்கி அளக்க. நீர் 20 பாகை அடைந்திருப்பின், அது பெற்ற ஆற்றல் 41,900 ஜூல். வலி ஏறத்தாழ 700 வாட். பின்னர் ஒவ்வொரு நிலைக்கும் இவ்வாறே கண்டு வரைபடம் எழுதுக. “பாதி” என்று முகப்பிற் பொறித்தது எத்துணை மெய்யென்பது அவ்வரைபடத்தால் விளங்கும்.

கருவியின்மேல் எழுதியிருப்பதை நம்புதல் எளிது. அளந்து தெளிதல் அரிது. அவ்வரிய பழக்கமே விஞ்ஞானக் கல்வியின் பயன். எதிர்காலத்தில் நம் மாணாக்கர் நுண்கருவிகள் பலவற்றை ஆளுங்கால், ஆற்றலைப் பெருக்குவதினும் அதனை அளவில் நிறுத்துவதே அறிவுடைமை என்பதை மறவாதிருப்பாராக.