சில்லின் சாய்வும் சுரையின் இறுக்கமும்

கம்பர் என்றதும் எம்மவர் நெஞ்சிற் கவிச்சக்கரவர்த்தியே தோன்றுவார். மோட்டார்ப் பொறியியலார் வழங்கும் 'கம்பர்' வேறு. காரை முன்னின்று நோக்குங்கால், நிலைக்குத்துக் கோட்டிலிருந்து சில்லு எத்துணைப் பாகை சாய்ந்துள்ளது என்பதையே அச்சொல் குறிக்கும். சில்லின் தலை உட்புறஞ் சாயின் மறைக் கம்பர். வெளிப்புறஞ் சாயின் நேர்க் கம்பர். அச்சாய்வை மாற்ற உதவுந் தகட்டைப் பொருத்தும் முறையையும், அதன் சுரைகளை இறுக்கும் அளவையும் ஈண்டு ஆராய்வோம். பௌதிக வகுப்பில் நாம் கற்ற திருப்புதிறனும் உராய்வும் மீள்தன்மையும் ஒரு சிறு சுரையில் ஒருங்கே கூடுவதை மாணவர் இதனாற் காணலாம்.

கார் வளைவில் விரைந்து திரும்புங்கால் அதன் உடல் வெளிப்புறஞ் சாயும். சில்லும் உடன்சாய்ந்து ரயரின் வெளிவிளிம்பில் ஊன்றும். முன்னரே சிறிது உட்சாய்வு இருப்பின், அவ்வேளையில் ரயரின் முழு அகலமும் நிலத்தைப் பற்றும். உட்சாய்வு மிகினோ, நேர்வீதியில் உள்விளிம்பு விரைவில் தேயும். அன்றாடக் கார்களுக்குப் பெரும்பாலும் 1 பாகைக்கு உட்பட்ட மறைக் கம்பரே போதும். பந்தயக் கார்களில் 3 பாகை வரையும் வைப்பர்.

இன்றைய சிறு கார்களுட் பெரும்பாலானவற்றின் முன்சில்லுகள் மக்பேர்சன் தூணிற் தங்கியுள்ளன. அமெரிக்கப் பொறியியலாளர் ஏர்ல் மக்பேர்சன் வகுத்த இம்முறை, 1950 இல் இங்கிலாந்தில் வெளிவந்த போர்ட் கொன்சல், செபயர் கார்களிற் கையாளப்பட்டது. சுருள்வில்லும் அதிர்வடக்கியும் ஒன்றாயமைந்த அத்தூணின் அடி, சில்லின் மூட்டோடு பிணைந்திருக்கும். தலை, வண்டியுடலின் மேற்றாங்கியிற் பொருந்தும். கம்பர்த் தகடு அத்தலையை நீள்துளை வழியே உள்ளும் புறமும் நகர்த்த இடந்தருவது. தலைக்கும் அடிமூட்டுக்கும் இடைத்தூரம் 60 சதமமீற்றர் எனின், தலை 1 சதமமீற்றர் நகரச் சாய்வு ஏறத்தாழ 1 பாகை மாறும். ஆகவே, தகடு 2 மில்லிமீற்றர் வழுக்கினும் சாய்வு 0.2 பாகை மாறிவிடும்.

பொருத்தும் வேலையை நோக்குவோம். காரை உறுதியான தாங்கிகளில் நிறுத்துக. ஜக்கை மட்டும் நம்பற்க. சில்லைக் கழற்றித் தடுப்புக் குழாயைத் தூணிலிருந்து விடுவித்து, அடியாணிகளையும் மேற்சுரைகளையும் நீக்கித் தூணை வெளியே எடுக்கவேண்டும். ஆயினும் தூணின் நடுச்சுரையை அவசரப்பட்டுத் தொடலாகாது. அதன்கீழ் வில் பெருவிசையுடன் அழுந்திக்கிடக்கிறது. வில்லமுக்கும் கருவியின்றி அச்சுரையைக் கழற்றுபவர் தம் உயிரையே பணயம் வைக்கிறார். கருவியை இருபுறமும் சமமாகத் திருகி, வில் தன் இருக்கையில் தளர்ந்ததைக் கண்டபின்னரே கழற்றுக. புதிய தகட்டையும் வளையங்களையும் செய்தோர் வகுத்த ஒழுங்கிலேயே அமர்த்துக. நடுச்சுரையை இறுக்குங்கால் தண்டு உடன்சுழலாதவாறு பற்றிக்கொள்ளல் வேண்டும்.

இனி, இறுக்கும் அளவு. நகருந் தகட்டை அதன் இடத்தில் நிறுத்துவது ஆணியின் தடிப்பு அன்று, உராய்வே. இறுக்கப்படும் ஆணி சிறிது நீண்டு, வில்லைப்போல் மீளமுயன்று, தகடுகளை ஒன்றோடொன்று அழுத்துகிறது. இறுக்கங் குறையின் தகடு வழுக்கும். மிகின் ஆணி மீள்தன்மை இழந்து நிலையாக நீளும், அன்றேல் புரி அறும். 8 மில்லிமீற்றர் விட்டமும் 8.8 என்னும் வலுத்தரமும் உடைய உருக்காணிக்கு ஏறத்தாழ 25 நியூற்றன்மீற்றர் வழக்கமான அளவு. 25 சதமமீற்றர்ச் சாவியின் நுனியில் 10 கிலோகிராம் நிறையளவு இழுப்பே அது. அதே இழுப்பை 50 சதமமீற்றர்ச் சாவியிற் கொடுப்பின் திருப்புதிறன் இருமடங்காகும். தகட்டைச் செய்தோர் வேறு அளவு குறித்திருப்பின் அதுவே கொள்ளத்தக்கது.

நாம் கொடுக்குந் திருப்புதிறனில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்களவு புரியிலும் சுரையின் அடியிலும் உராய்விற் செலவாகிறது. எஞ்சிய பத்துப் பங்கே ஆணியை இழுக்கிறது. ஆதலின் உலர்ந்த புரிக்குக் குறித்த அளவை எண்ணெய் பூசிய புரிக்குக் கொடுப்பின் ஆணி அளவிறந்து இழுபடும். 'என் கைக்குத் தெரியும்' என்பாருக்கு நாம் கூறும் விடையும் இதுவே. கை உணர்வது சாவியின் எதிர்ப்பை. ஆணியின் இழுவையை அன்று. புரியைத் துடைத்துத் தூய்மையாக்கி, அளவுகாட்டுஞ் சாவியைக் கையாளுதலே தக்கது.

சாய்வைத் திருத்துங்கால் சில்லை நிலத்தினின்று உயர்த்தித் தகட்டை நகர்த்துக. ஆணிகளை முதலிற் கையாலும், பின்னர்ப் பாதியளவுக்கும், ஈற்றில் முழு அளவுக்கும் எதிரெதிர் மூலையாக இறுக்குக. காரை இறக்கி, முன்பின் சிறிது உருட்டியபின்னரே கோணத்தை அளத்தல் வேண்டும். சாய்வு மாறின் முன்சில்லுகளின் நேரமைவும் மாறும், அதனையும் திருத்துக. சில நாள் ஓடியபின் ஆணிகளை மீண்டும் அளந்து பார்த்தல் நன்று. புதிதாகப் பொருந்திய பரப்புக்கள் படிந்து இறுக்கஞ் சிறிது குறைதல் இயல்பு.

மிகையும் குறையும் இரண்டும் பிழையே. வண்டியில் ஏறும் மனைவி மக்களின் பாதுகாப்பு அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அளவில் உள்ளது.