இரவில் ஒலிக்கும் எரிவாயு எச்சரிக்கைக் கருவி

நள்ளிரவு இரண்டு மணி. வீட்டார் அனைவரும் ஆழ்ந்து உறங்குகின்றனர். சமையலறைச் சுவரின் அடியில் பொருத்திய எரிவாயு எச்சரிக்கைக் கருவி திடீரென ஒலிக்கிறது. இருளில் எழும் குடும்பத் தலைவர் முதலில் எதைத் தேடுவார்? விளக்கின் சுவிட்சைத்தான். அந்த ஒரு செய்கையே பேராபத்தை விளைவிக்கக்கூடும். அதன் காரணத்தை மக்களுக்கு எடுத்துரைக்கக் களப்பணியாளர்க்கும் ஆசிரியர்க்கும் துணையாக இப்பாடம் அமைகிறது.

வாயுவின் இயல்பு

சிலிண்டரில் வரும் சமையல் எரிவாயு, புரொப்பேன், பியூட்டேன் ஆகியவற்றின் கலவையாகும். அழுத்தத்தினால் திரவமாயிருக்கும் இது, வெளிப்பட்டதும் ஏறத்தாழ 250 மடங்கு பருமனுள்ள வாயுவாக விரிகிறது. காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானதாகையால், தரையை ஒட்டிப் பரவுகிறது. காற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ 2 முதல் 9 பங்கு வரை கலந்திருக்கையில், ஒரு சிறு பொறியே அதைப் பற்றவைக்கப் போதுமானது.

இவ்வாயுவுக்கு இயல்பில் நாற்றமில்லை. கசிவை அறியும் பொருட்டு எத்தில் மெர்காப்டன் என்னும் துர்நாற்றப் பொருள் சேர்க்கப்படுகிறது. ஆயினும், உறங்குபவரை நாற்றம் எழுப்பிவிடும் என்று நம்பியிருத்தல் கூடாது. ஓசை எழுப்பும். கருவியின் பயன் இதுவே.

கருவி இயங்கும் முறை

இத்தகைய கருவிகள் பலவற்றில் சூடேற்றப்பட்ட வெள்ளீய ஆக்சைடு உள்ளது. தூய காற்றில், அதன் மேற்பரப்பில் படியும் ஆக்சிஜன் மின்னோட்டத்தைத் தடுக்கிறது. எரிவாயு வந்து அந்த ஆக்சிஜனுடன் சேரவே தடை குறைந்து, மின்னோட்டம் மிகுந்து, மணி ஒலிக்கிறது. வாயு தீப்பற்றும் அளவை எட்டுமுன்னரே ஒலிக்குமாறு கருவி அமைக்கப்படுகிறது. ஆகவே மணி ஒலிக்கையில் தப்புவதற்குச் சிறிது அவகாசம் உண்டு. பூச்சிமருந்துத் தெளிப்பும் சாராய ஆவியும்கூட அதனை ஒலிக்கச் செய்யலாம். எனினும் காரணம் தெளிவாகும் வரை, கசிவு என்றே கொள்ளுதல் வேண்டும்.

செய்ய வேண்டுவன

1. எந்தச் சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். இரண்டிலும் பொறி எழக்கூடும். ஓடும் மின்விசிறி ஓடட்டும். ஒலிக்கும் கருவியையும் மின்னிணைப்பிலிருந்து பிடுங்கலாகாது.

2. தீக்குச்சி, டார்ச் விளக்கு, கைப்பேசி எதையும் உள்ளே பயன்படுத்தலாகாது.

3. குழந்தைகளையும் முதியோரையும் எழுப்பி உடனே வெளியேற்றுக. போகும் வழியில் கதவு, சன்னல்களைத் திறந்துவிடுக. குளிர்பதனப் பெட்டி தானே இயங்கத் தொடங்கும்போதும் பொறி உண்டாகலாம் என்பதால் தாமதித்தல் தகாது.

4. ரெகுலேட்டர் எளிதில் எட்டுவதாயின் அதனை மூடுக. நாற்றம் கடுமையாயினும், வாயு சீறும் ஓசை கேட்பினும், அதனருகே செல்லாமல் வெளியேறுக.

5. வீட்டைவிட்டுத் தொலைவில் நின்று, 1906 என்னும் எரிவாயு அவசர எண்ணுக்குத் தொலைபேசியில் அறிவிக்க.

வகுப்பறைச் சோதனை

கனமான வாயு தாழ்வில் தங்குவதை மாணவர்க்கு எளிதில் காட்டலாம். எரிவாயுவைக் கொண்டு இச்சோதனையை ஒருபோதும் செய்யலாகாது. ஆழமான கண்ணாடிப் பாத்திரத்தில் குட்டையும் நெட்டையுமான இரு மெழுகுவத்திகளை நிறுத்தி, அடியில் சமையல் சோடாவைத் தூவுக. வத்திகளைக் கொளுத்தியபின், சுடரில் படாதவாறு எலுமிச்சைச் சாற்றை ஊற்றுக. வெளிப்படும் கார்பன் டை ஆக்சைடு அடியிலிருந்து நிரம்பிவர, குட்டை வத்தி முதலில் அணையும். இவ்வாயு ஏறத்தாழ புரொப்பேன் அளவே கனமானது. எரிவாயுக் கருவியைத் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் பொருத்துவதன் காரணம் இதனால் விளங்கும்.

உறங்கச் செல்லுமுன் ரெகுலேட்டரை மூடும் வழக்கத்தை ஒவ்வொரு வீட்டிலும் வலியுறுத்துக. இருளில் சுவிட்சை நாடும் கை பழக்கத்தால் செல்வது. அதனைத் தடுக்கும் பழக்கத்தைப் பகலிலேயே பயிற்றுவித்தல் வேண்டும்.